நேற்றழுத கண்

1988 பெப்ரவரி 9
மழை. மூக்கடைப்பு. குலசேகரம் வந்து பக்கங்களைத் தந்துவிட்டுப் போனான். எங்கள் சஞ்சிகைக்கு அச்சகம் கிடையாது. நான் எழுதுவேன், அவன் தன் முத்தான கையெழுத்தில் பிரதி பண்ணுவான், அதைப் போட்டோகொப்பி எடுத்து லண்டன் முழுக்க அனுப்புவோம். நான் எழுதியதில் ஒரு சொல் கூட்டமாட்டான், ஒரு சொல் குறைக்கமாட்டான். ஏதாவது விடுபட்டிருந்தால் மட்டும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பான். அவ்வளவுதான் அவனுடைய விமர்சனம்.

இம்முறை என் ‘இந்த மாத மூடன்’ பகுதியில் அகப்பட்டவர், அயலவனின் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவர். குலம் விழுந்து விழுந்து சிரித்தான். “உன்ரை வாயிலை விழுந்தவன் தப்பமாட்டான், மச்சான்.”

மார்ச் 20
ஃபாரஸ்ட் கேட்டில் செத்த வீடு. யோகராஜா என்றொரு தனிக்கட்டை. குலம் அவரை உயிரோடு கண்டதே இல்லை. வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டே பெயரையும் ஊரையும் விசாரித்தான். பிறகு முன்னால் போய் நின்று, கூடப் பிறந்தவன் போல அழுது அழுது பேசினான். ஒரு செத்த வீடு தவறவிடமாட்டான். எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்னோடு வந்த மனைவி தவமலரும் அழுதாள். திரும்பி வரும்போது ரயிலில் சொன்னாள்: “நான் செத்தாலும் குலம் அண்ணைதான் கதைக்க வேணும். நீங்கள் வேண்டாம். நீங்கள் அங்கையும் பகிடி விட்டுச் சிரிக்க வைப்பியள்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியவன் நான். பேச அவனா?

மார்ச் 27
எழுதிவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது.

செத்தவர்பேர் கேட்பான் சிறுகுடையை மடக்குமுன்னே;
எத்தனை வயதென்பான் எழுந்துபோய் நிற்குமுன்னே;
அத்தனைபேர் முன்னாலும் அணைதிறந்த வெள்ளமென
நித்தம் அழுதிடுவான் நேற்றழுத கண்ணாலே.

தவமலர் வாசித்தாள். “இது குலம் அண்ணை” என்றாள். யாரையும் குறிப்பிடவில்லை என்றேன். “அவர்தானே இதைப் பார்த்து எழுதவும் வேணும்?” என்று கேட்டாள்.

தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். அவனும் சிரிப்பான் என்று நினைத்தேனா? பொய். அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஏப்ரல் 5
பக்கங்கள் தபாலில் வந்தன. வழக்கமாகக் கையோடு கொண்டுவருபவன். என் கவிதை நடுப்பக்கத்தில், அவனுக்குப் பிடித்தவற்றுக்குப் போடும் பூக்கரையோடு. ஒரு எழுத்துப் பிசகவில்லை. எங்கும் பென்சில் புள்ளி இல்லை.

ஏப்ரல் 25
டெலிபோன் ஓயவில்லை. “அது அவர்தானே?” என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நோர்பரியில் ஒருவர் மனப்பாடமே பண்ணிவிட்டாராம். நான் எழுதியதற்கு இவ்வளவு பாராட்டு ஒருநாளும் கிடைத்ததில்லை.

குலம் மட்டும் எடுக்கவில்லை.

யூன் 12
சுப்பிரமணியம் மாஸ்டரின் செத்த வீடு. இங்கே அவருக்கென்று யாருமில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் குலத்தைக் கேட்டார்கள். வேண்டாமென்று தலையை ஆட்டினான். பின்வரிசையில் யாரோ “நேற்றழுத கண்” என்று முணுமுணுக்க, நாலைந்து பேர் சிரிப்பை அடக்கினார்கள். குலம் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருவரும் பேசவில்லை. ஐயர் மந்திரத்தை முடித்தார், தகன மண்டபத்தில் பெட்டியை மறைத்துத் திரை மூடியது. அடுத்த செத்த வீட்டாரின் பூக்கள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் தவமலர் கேட்டாள்: “இப்ப திருப்தியோ?”

1989 ஜனவரி 2
புதுவருடம் என்று அவனுக்கு நானே போன் எடுத்தேன். கோபமா என்று கேட்டேன். “கோபமில்லை. நல்லாய்த்தான் எழுதியிருந்தியள்” என்றான். முப்பது வருடமாக நீ, மச்சான் என்று அழைத்தவன். பிரதி மட்டும் மாதம் தவறாமல் தபாலில் வருகிறது.

1990 நவம்பர் 14
தவமலருக்கு மறுபடி ஸ்கான்.

1991 ஜனவரி 22
நான் ஷிப்டில் இருந்தபோது குலம் ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறான். தவமலர் சொன்னாள்: அவன் தாய் எண்பத்தேழில் செத்தபோது ஊரில் ஊரடங்காம். நாலு பேர் தூக்கிப்போய் எரித்தார்களாம். ஒரு தேவாரமில்லை, ஒரு சொல் இல்லை. இங்கே ஒவ்வொரு செத்த வீட்டிலும் அவன் பேசியது அந்தக் கிழவிக்குத்தானாம்.

தாய் செத்தது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. நான் கேட்டதுமில்லை. ஊரிலுள்ள மூடர்களையெல்லாம் கண்டுபிடித்த எனக்கு இது தெரியவில்லை.

மார்ச் 3
விடிய நாலு மணிக்கு. போய்விட்டாள்.

மார்ச் 4
குலத்துக்குப் போன் எடுத்தேன். “நீ கதைக்க வேணும். அவ கேட்டவ.”

அவன் சொன்னது இவ்வளவுதான்: “எழுதித் தாங்கோ. வாசிக்கிறன்.”

மார்ச் 6
எழுத வரவில்லை. எந்த வரியைத் தொடங்கினாலும் முடிவில் ஒரு குத்தல் வந்து நிற்கிறது. அவளுடைய சமையலைப் பற்றி ஒரு வரி — நக்கல். என்னைப் பொறுத்துக்கொண்டதைப் பற்றி ஒரு வரி — அதுவும் நக்கல். ‘நல்லவள்’ என்று எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டுரை மாதிரி இருக்கிறது. என்ன மனுசனடா நான்? பொஞ்சாதிக்கு ஒரு வரி எழுத ஏலாதோ?

கடைசியில் பிறந்த ஊர், படித்த பள்ளி, கலியாணம், செய்த வேலை. தபாலில் சேர்த்தேன்.

மார்ச் 9
வாசித்தான். நான் எழுதியதை அப்படியே. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கண்கூடக் கலங்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் நிமிர்வான், தாளை விட்டுவிட்டுப் பேசுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசடா, குலம். பொய்யெண்டாலும் சொல்லு. நேற்றழுத கண்ணாலை எண்டாலும் அழு.

தாளை மடித்து என் கையில் தந்தான். திரை மூடியது. வாசலில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறேன். தன் கையால் பிரதி பண்ணியிருக்கிறான், சுற்றிவரப் பூக்கரை. கடைசி வரிக்குக் கீழே, வெறுமையாகக் கிடக்கும் பாதித் தாளின் நடுவில், பென்சிலால் ஒரு புள்ளி.