ஒரு சாண் வெளியே விழுந்த வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே அப்பாவும் அண்ணன் வீட்டாரும் சௌக்கியம், எனக்கும் வழக்கமான முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. மாமாவைப் பற்றித்தான் நீ ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய், நானும் பக்கத்தில் ஆள் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்று மழுப்பிக்கொண்டே வருகிறேன். பேச ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் வயிற்றில் இருக்கும் கட்டியை உடனே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். மாமாதான் பிடிகொடுக்கவில்லை. வெயில் காலத்தில் ஊரில் பாதி வீட்டு பிரிட்ஜ் ரிப்பேருக்கு என் கையை நம்பித்தான் இருக்கிறது, வேலை குறைந்ததும் பார்க்கலாம் என்றான். அத்தை அழுதாள், அப்பா அதட்டினார், அண்ணன் கெஞ்சினான், எதுவும் எடுபடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வளையப்பந்துக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நின்றான். களைக்காமல் கொஞ்ச நேரம் ஆடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

நீ போன பிறகும் நம் ஆட்டம் மாறவில்லை. வீட்டுக்குப் பின்னால் அதே சந்து, துணி காயப்போடும் கயிறுதான் வலை, சாக்பீஸால் கோடு. நடுவர் கிடையாது, வளையம் யார் பக்கம் விழுகிறதோ அவர்கள்தான் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். அதில்தான் மாமா அழுகுணி ஆட்டம் ஆடுவான், உனக்குத் தெரியாததா. நட்டநடுவில் விழுந்தாலும் கூசாமல் வெளியே என்பான், நாம் எல்லோரும் அவன்மேல் பாய்வோம், அடுத்த தெருவுக்குச் சத்தம் கேட்கும். நீ ஒரு தடவை கோபத்தில் வளையத்தை மாடிக்கு வீசிவிட்டுப் போய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய்.

இந்த முறை அவன் வருவதற்கு முன்பே சமையலறையில் கூடிப் பேசிக்கொண்டோம், அவன் மனம் நோக யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று. நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். நானும் அண்ணனும் ஒரு பக்கம், மாமாவும் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரும் அந்தப் பக்கம். நான் எறிந்த வளையம் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. வெளியே என்றான். ஆமாம் மாமா, வெளியேதான் என்றான் அண்ணன். அடுத்தது அவன் காலடியிலேயே விழுந்தது, அதையும் வெளியே என்றான். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவன் கூட்டாளி வாத்தியார்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு வளையத்தைக் கீழே வைத்துவிட்டு, "சண்டைகூடப் போட மாட்டேங்கிறீங்க. அப்போ எனக்கு முடிஞ்சு போச்சுன்னு டாக்டர் உங்ககிட்ட சொல்லிட்டார், இல்லையா அக்கா?" என்றான்.

அப்படியெல்லாம் இல்லை என்று அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், அவன் காதில் ஏறவில்லை. இனி ஆபரேஷன் எதற்கு, உள்ள நாளை நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று செருப்பைத் தேட ஆரம்பித்தான். என் தம்பி முகம் அப்படிக் களையிழந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை, ஆட்டம் முடியவில்லை, போய் நில்லடா என்று கத்திவிட்டு வளையத்தை எடுத்து ஓங்கி எறிந்தேன். அது அவன் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்தது. அவன் வெளியே என்றான், நான் உள்ளே என்றேன். சொல்ல எனக்கு உரிமையே கிடையாது, ஆனாலும் உள்ளே என்றே நின்றேன்.

முதலில் திகைத்தான், பிறகு அவன் முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் கோட்டைக் காட்டினான், இந்த வயதில் அழுகுணி ஆட்டம் ஆட வெட்கமாக இல்லையா என்று கேட்டான். நீ பிறந்ததிலிருந்து செய்வதை நான் ஒரு தடவை செய்தால் குற்றமா என்று நானும் விடவில்லை. அண்ணன் எனக்கு, வாத்தியார் அவனுக்கு என்று சந்தே இரண்டுபட்டது. கடைசியில் அவன் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தான், என்னோடு பேசாமலே எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலையில் அத்தை ஓடி வந்தாள். டாக்டரிடம் நாள் கேட்கச் சொல்லிவிட்டானாம். என்ன திடீரென்று என்று இவள் கேட்டதற்கு, "சாகப் போறவனா இருந்தா அக்கா என்னை இப்படி ஏமாத்தியிருக்க மாட்டா" என்றானாம்.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் வழி இருக்கிறது என்றுதான் சொன்னார், உறுதி எதுவும் தரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே, அதை மறைக்க என்னால் முடியவில்லை. நீ அவனுக்குப் போன் செய்யும்போது குரலைக் குழைத்துப் பேசாதே, எப்போதும் போல வம்புக்கு இழு. குழந்தையை உச்சி வெயிலில் விளையாட விடாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மறக்காதே. மாமா உன்னிடமும் நியாயம் கேட்பான், போகிற வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். வளையம் உள்ளேதான் விழுந்தது என்று சொல். அவன் எழுந்து நடந்து வந்து அந்தக் கோட்டருகே என்னோடு சண்டைக்கு நிற்கிற வரைக்கும் அது உள்ளேதான்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா