ஏட்டிடம் நீ சொன்னது

அன்பு மகனுக்கு,

யாரும் கண்டுகொள்ளாத நல்ல படம் என்று போன மாதம் நீதான் அந்தத் திரில்லரைப் போட்டுக் காட்டினாய். சந்தைக்குள் ஒருவனை வெட்டத் துரத்துகிறார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஷட்டரை இறக்குகிறார்கள். "நீயா இருந்தா மொதல்ல இறங்கற ஷட்டர் உன்னுதுதாம்பா" என்று சிரித்தாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திங்கட்கிழமை சிப்காட் நிறுத்தத்தில், உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் மோகனப்ரியாவை உங்கள் காண்ட்ராக்டர் அடித்துக் கீழே தள்ளினார். நான் தடுக்கவில்லை, பயந்தேன். நேரத்தையும் அவர் காரின் கர்நாடக எண்ணையும் இருமுறை சரிபார்த்துக் குறித்துக்கொண்டேன். மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். நிறுத்தத்தில் நின்றிருந்த வேறு யாரும் சாட்சிக்கு வரவில்லை.

நேற்று ஏட்டு கூப்பிட்டார். "உங்க பையன் வந்து போனாருங்க பெரியவரே. உங்களுக்கு ஞாபகம் தப்பிப் போச்சாமே. அப்புறம் அந்தப் பொண்ணு கேஸ் எப்பிடிங்க நிக்கும்?"

உன் வேலை அந்தக் காண்ட்ராக்டர் கையில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ சொன்னதால் எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது.

இன்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். நினைவில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை ஏட்டிடம் சேர்த்துவிட்டேன். என் சாட்சி நிற்கிறது.

தேதி, கிழமை, ஊர் என்று மருத்துவர் கேட்டதற்கெல்லாம் உடனே சொன்னேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டபோதுதான் கொஞ்சம் நேரமானது.

இப்படிக்கு,
அப்பா