ஆடு வளர்க்கும் தகுதி குறித்து ஒரு பழைய ஆசிரியரின் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பள்ளிக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: மேல்நிலைப் பள்ளியின் கால்நடை வளர்ப்புப் பிரிவை மூடும் முடிவை ஓராண்டு நிறுத்தி வைக்க வேண்டுதல்; அப்பிரிவில் மாணவர் சேராததற்குக் காரணமான ஒருவர் மீது புகார்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் பள்ளியின் கால்நடை வளர்ப்புப் பிரிவில் பன்னிரண்டு பேராவது சேராவிட்டால் இவ்வாண்டோடு அது மூடப்படும் என்று அறிவிப்புப் பலகையில் கண்டேன். விருப்பப் படிவம் தரக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. நேற்றுவரை சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். பிள்ளைகள் ஏன் சேரவில்லை என்று விசாரிக்கக் கிளம்பினேன். விசாரணை என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

2. முப்பத்துநான்கு ஆண்டுகள் அறிவியல் நடத்தினேன். விடை தவறியவனையும், படத்தில் பாகம் குறிக்க மறந்தவளையும் பார்த்து, "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது என் வழக்கம். வகுப்பு சிரிக்கும்; நானும் சிரிப்பேன். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை என்ற பெருமை வேறு எனக்கு உண்டு.

3. அப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் இன்று முப்பத்தொரு கறவை ஆடுகள் வைத்திருக்கிறார். ஆட்டுக்காரம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். என் மனைவிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் போகவே, சென்ற மாதம் பாத்திரத்தோடு அவர் கொட்டகைக்குப் போனேன். கறவை மேடையில் ஆடுகள் ஒவ்வொன்றாக ஏறின. ஐந்தாவது ஆடு வரத் தாமதமானது. ஆறாவது ஆடு அதன் இடத்தைப் பிடிக்காமல் காத்து நின்றது. என் வகுப்பில் நான் காணாத காட்சி. ஒவ்வொரு மடியிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே வாளியில் கறந்தார். திரிதிரியாக இருந்தால் மடிநோயின் தொடக்கமாம். ஓர் ஆட்டின் பாலை மட்டும் ஒதுக்கி வைத்தார். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். எனக்கு அதில் பால்தான் தெரிந்தது.

4. அப்போது சினையாடு ஒன்று முக்கி முனகியது, குட்டி வெளிவரவில்லை. அவர் நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு குட்டி சார். தலை ஒண்ணோடது, கால் இன்னொண்ணோடது. ரெண்டும் ஒரே நேரத்துல வாசலுக்கு வந்துடுச்சுங்க" என்றார். தலையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து கால் என்று விரலால் தடவிச் சென்று எந்தக் கால் யாருடையது என்று பிரித்தார். ஒன்றை மெல்லப் பின்னுக்குத் தள்ளி மற்றதற்கு வழிவிட்டார். முதல் குட்டி விழுந்ததும் கத்தியது. இரண்டாவது அசையவில்லை. வாயிலிருந்த கோழையை வழித்து, மூக்கில் வைக்கோல் துரும்பை விட்டார். குட்டி தும்மியது.

அம்மையீர், ஆண்டுதோறும் கருப்பையை வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைந்தவன் நான். அதற்குள் இருப்பது இருட்டு என்றும், அந்த இருட்டை விரலால் படிக்க முடியும் என்றும் அன்றுதான் அறிந்தேன். என்னை அறியாமல் கைகூப்பி நின்றேன். "என்ன சார், பால் வேணாமா?" என்றார்.

5. மன்னிப்புக் கேட்டேன். "திட்டுனதுகூடப் பரவால்ல சார். ஆடு மேய்க்க ஒண்ணுமே தெரிய வேணாம்னு நெனைச்சீங்க பாருங்க, அதான் தப்பு" என்றவர், வேறோர் ஆட்டின் கயிற்றை என் கையில் கொடுத்தார். பிடித்தேன். அது என்னைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போயிற்று.

6. அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பிள்ளைகளை இப்பிரிவில் சேர்க்கும்படி வேண்டினேன். பேருந்து நடத்துநராக இருக்கும் என் பழைய மாணவர் எழுந்தார். "சார், என்னை ஆடு மேய்க்கத்தான் லாயக்குன்னீங்க. அந்த ரோஷத்துல படிச்சு டிக்கெட் கிழிக்கிற வேலைக்கு வந்துட்டேன். இப்ப என் பொண்ணை மேய்க்க அனுப்புங்கறீங்களே, நியாயமா?" என்றார். கூடமே சிரித்தது. பத்தாக இருந்த எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது அன்றைக்குத்தான்.

7. எனவே, இப்புகாரில் குற்றம் சாட்டப்படுபவர் நானே. என் வாய் செய்த பிழைக்குப் பிள்ளைகளின் படிப்பு பலியாகக் கூடாது. எண்ணிக்கை விதியை ஓராண்டு தளர்த்தியும், செய்முறை வகுப்புகளை ஆட்டுக்காரம்மாவின் கொட்டகையில் நடத்த அனுமதித்தும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன், அவர் சம்மதித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை எந்த வகுப்பிலும் சொல்லலாகாது என்று ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினால், உதாரணத்துக்கு என்னையே காட்டலாம்.

8. இம்மனுவை முடிக்கும் தறுவாயில் அந்த நடத்துநர் வந்தார். மகளின் பிடிவாதத்தால் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாராம். திரும்ப அழைத்துவரத்தான் பெரும்பாடாம். ஒன்பதாவது படிவத்தைத் தந்தார். அதை இணைத்துள்ளேன். பின்பக்கத்தையும் தாங்கள் பார்க்க வேண்டும். "ஆடு வளர்க்க என் மகளுக்குத் தகுதி உண்டா என்று அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறார். உடனே போய்க் கேட்டேன். அந்த அம்மா அதன் கீழேயே பதில் எழுதினார்: "இப்பவே சொல்ல முடியாது. ஒரு வருஷம் பார்க்கணும்."

அந்த ஓராண்டைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

இணைப்பு: ஒன்பதாவது விருப்பப் படிவம்.

இடம்: ஆட்டுக் கொட்டகை வாசல்
நாள்: 12ஆம் தேதி, புதன்கிழமை

தவற்றை ஒப்புக்கொண்டு, தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்