லாமாக்களை விட்டுப் பாதையை ஏன் மறித்தேன்

அன்பு அக்கா,

அன்று, உன்னோடு வழிகாட்டியாக வரும் வில்மரின் சைக்கிள் கைப்பிடியில் உன் சடைக் குஞ்சலம் ஆடியதைத்தான் முதலில் பார்த்தேன். அதை உனக்குப் பின்னிக் கொடுத்தவள் நான். அவனைப் பார்க்கத்தான் தினமும் நம் லாமா மந்தையைக் கணவாய்ப் பக்கம் மேய்க்க ஓட்டி வருவேன். உனக்கு அது தெரியாது.

நீங்கள் கூட்டி வந்த வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் மலையேற்ற மூச்சிரைப்புக்குக் கோக்கா இலை மென்று இளைப்பாறினார்கள்.

"ஏ வாயாடி, கீழ்ப்பாதையில சைக்கிள் போகுமா?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"அவ லாமாகிட்ட மட்டுந்தான் பேசுவா," என்று நீ சிரித்தாய்.

"போகும்," என்றேன். முதல்நாள் மழையில் வளைவுக்கு அப்பால் பாதை சரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

முதலில் கிளம்பியது நீதான். குறுக்கு வழியில் லாமாக்களை விரட்டிக்கொண்டு ஓடி, வளைவுக்கு முன்னால் பாதையை மறித்தேன். "வழிய விடுடி," என்று நீ திட்டியும் நகரவில்லை.

உன் தங்கை