முழு வேகத்தில் தண்ணீர்

சாம்பியன் ரீப்ஸ்,
புதன்கிழமை

அன்புள்ள மகன் ஆஸ்டினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் ஆக்லாந்தில் சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுத மாட்டேன், அது பொய். போனில் சொல்லலாமே என்று கேட்காதே, இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உன் அப்பா காதில் விழும். அவர் கடைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு கரோலின் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நேற்று இரண்டு படம் அனுப்பி, அம்மாவுக்கும் ஒன்று வாங்கப் போகிறேன், பல் துலக்கும் கரண்ட் பிரஷ்ஷும் பல் இடுக்கில் தண்ணீர் பீச்சுவதும் ஒரே கைப்பிடியில் சேர்ந்தது வேண்டுமா, ஒரே ஸ்டாண்டில் தனித்தனியாக இருப்பது வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் வேண்டாம். ஈஸ்டருக்கு அப்பாவுக்கு அனுப்பினாயே அந்தச் சேர்ந்தது, அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டியைப் பிரித்ததும், கையில் அதிர்கிறது, நுனியில் தண்ணீர் வருகிறது, தங்கச் சுரங்கத்தில் நான் பிடித்த டிரில்தான் இது என்று அவருக்கு ஒரே சிரிப்பு. மெதுவான வேகத்தில் தொடங்கச் சொல்லிப் போட்டிருப்பதை கரோலின் வாசித்துக் காட்டினாள். யார் கேட்டது? "டிரில்லுல தண்ணிய கம்மி பண்ணா இன்னா ஆவும்? பாறத் தூளெல்லாம் நெஞ்சுக்குள்ள பூடும்மா" என்று சொல்லி முழு வேகத்தில் வைத்து, ஈறில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற மனுஷன். அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வீடியோவில் பேசியவனே நீதான், உனக்கா தெரியாது?

போன ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும்போது ஈறு கிழிந்து இரத்தம் நிற்கவே இல்லை. வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். துணியை வைத்து அழுத்திக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், தையல் போட்டார்கள், திட்டு எனக்கு விழுந்தது. இனி அதைத் தொடவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறுநாளே டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு அதில் ஊற்றுகிறார். அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன், தேடி எடுத்துவிட்டார். "பையன் அனுப்சது சும்மா கெடக்கணுமா" என்கிறார். உனக்குச் சொன்னால் மனசு கஷ்டப்படுவாயாம், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அதை நம்பி நீ அடுத்தது வாங்கக் கிளம்பிவிட்டாய்.

முன்பின் தெரியாத நூறு பேர் எத்தனை ஸ்டார் போட்டார்கள் என்று பார்க்க உனக்கு நேரம் இருந்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இதை வாயில் வைக்கலாமா என்று ஒரு டாக்டரைக் கேட்க நேரம் இல்லை. வாங்கி அனுப்பிவிட்டால் மகன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாயா? எனக்கு வயிறு எரிகிறது.

மெசேஜ் போடாதே, அவர் படிக்க மாட்டார். இன்றைக்கே அவர் போனுக்குக் கூப்பிட்டு, நிறுத்துங்கப்பா என்று உன் வாயால் சொல். மருமகளுக்கும் உனக்கும் கர்த்தருடைய காவல் என்றும் இருக்கட்டும், ஆனால் போனைப் பண்ணிவிட்டு ஆமென் சொல். தையல் போட்ட வாயோடு மறுபடியும் இரத்தம் வந்தால் நான் ஒருத்தி என்ன செய்வேன்? இத்தனை வருஷம் கூட இருந்து நான் சொன்ன ஒன்றையும் கேட்காத மனுஷன், நீ ஒரு தரம் சொன்னால் கீழே வைத்துவிடுவார். அதுதான் உன் மேல் எனக்குப் பெரிய கோபம்.

இப்படிக்கு,
உன் அம்மா
இசபெல்லா சுந்தரராஜ்