முழங்காலுக்குக் கீழே ஓர் அம்பு

அக்கா,

கணக்கு நோட்டுக்குள் உங்கள் அம்பு ஸ்டிக்கர் பட்டை கிடைத்தது. ஏழு மிச்சம் இருக்கின்றன. அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

வீரபாண்டி பனியன் கம்பெனியில் நீங்கள் செக்கிங். துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அங்கே சிவப்பு அம்பு ஒட்டுவது வேலை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் ரத்தப் புற்றுநோய். உங்களுக்கு அண்ணனும் எனக்குத் தம்பியும் ஸ்டெம் செல் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் என் கையில் கன்றிப்போன இடத்தில் அம்பு ஒட்டி, "பீஸ் டேமேஜுங்க டாக்டர், ஊட்டுக்கு அனுப்பிப்போடாதீங்க!" என்றீர்கள். அம்மாகூடச் சிரித்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுலயும் இப்படித்தான் பாக்கணும். நோய் எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம். மாத்திரைய விடக்கூடாது. சின்னப் புள்ளி வந்தாலும் சொல்லணும். சீக்கிரம் தெரிஞ்சா அண்ணன், தம்பியோட செல்லை மறுபடி ஏத்திப் பாக்கலாம்."

நீங்கள் சொல்லவில்லை. பல் தேய்த்தால் ரத்தம் வந்ததை ஒரு மாதம் மறைத்தீர்கள். மறுபடி அதே வார்டில் படுத்துக்கொண்டு, செக்கப்புக்கு வந்த என்னிடம், "கம்பெனி ஷிப்மெண்ட் போகட்டும்னு இருந்துட்டேன் கண்ணு" என்றீர்கள்.

"உங்க பீஸ்ல நீங்க ஒட்டலீங்களாக்கா?"

"போ கண்ணு, ஊரு டேமேஜ்தான் என் கண்ணுக்குத் தெரியும்" என்று இந்தப் பட்டையை என் கையில் திணித்தீர்கள்.

முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்பது டாக்டருக்கே தெரியவில்லை. எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம்தான்.

இன்று சாயங்காலம் மாமா வந்தார். "புது ரத்தம் வந்து வருசமாச்சில்லக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை? பொம்பளப்புள்ள சீக்காளின்னு ஊரே பேசுது" என்றார் அம்மாவிடம். நான் அவர் முன்னாலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"பேசட்டுங்க மாமா. அவங்களா முழுங்கறாங்க?"

வாய் அப்படிப் பேசியது. கால் சாக்ஸுக்குள் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், அக்கா. மூன்று நாளாகிறது. கொசுக்கடி என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பரீட்சை முடியட்டும் என்று சாக்ஸை இழுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். உங்கள் ஷிப்மெண்ட் மாதிரியே.

பயமாக இருக்கிறது. மறுபடி அந்தக் கட்டில், மறுபடி மொட்டைத் தலை. இருக்கட்டும். நீங்கள் செய்ததை நான் செய்ய மாட்டேன்.

ஓர் அம்பை உரித்து, அதன் முனை புள்ளிகளைக் காட்டும்படி காலில் ஒட்டிவிட்டேன். காலையில் அம்மா எழுப்ப வரும்போது போர்வைக்கு வெளியே அந்தக் கால்தான் இருக்கும்.

மிச்சம் ஆறு. அவை என்னிடமே இருக்கும்.