சிவக்காத முதுகு

அக்டோபர் 9, வியாழன்

காலையில் மண்டை பிளக்கும் வெயில், அசர் தொழுகைக்குப் பின் மழை. இறால் அப்பளம் காயும் தட்டிகளை வெளியே போடுவதும் உள்ளே இழுப்பதுமாகவே என் வீட்டுக்காரருக்குப் பொழுது போனது. பன்னிரண்டு தட்டி நனைந்து வீண். எண்ணெய் அரை லிட்டர், இஞ்சி கால் கிலோ வாங்கினேன்.

வியர்த்த உடம்போடு மழையில் நின்றார். பருவம் மாறும்போதுதான் உடம்புக்குள் காற்று புகும். சொன்னால் கேட்கிறாரா?

அக்டோபர் 11, சனி

நெஞ்சை அடைக்கிறது என்றார். குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, உள்ளே புகுந்த காற்று வெளியேறக் காசால் முதுகைச் சுரண்டினேன். கோடு கோடாக ரத்தச் சிவப்பு. அவ்வளவு காற்று. ஏப்பம் விட்டார், இஞ்சித் தண்ணீர் குடித்தார், தூங்கிவிட்டார். தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். பள்ளிவாசலில் இருமுகிற இருமலில் இமாம் ஓதுவதே கேட்கவில்லையாம். அல்ஹம்துலில்லாஹ், நமக்கு இத்தோடு போயிற்று.

அக்டோபர் 12

மழை இல்லை. புழுக்கம்.

அக்டோபர் 14, செவ்வாய்

தட்டியைத் தூக்கினால் இடது தோள் வலிக்கிறதாம். சோலோ நகரத்திலிருந்து மகள் ரத்ரி போனில் டாக்டரிடம் போகச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் சிரித்தார். "அங்க போனா இல்லாத வியாதியையும் எழுதிக் குடுப்பாங்க. உங்கம்மா கையிலயே ஆஸ்பத்திரி இருக்கு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறுபடி சுரண்டினேன். சிவப்பு குறைவு. காற்று குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்டோபர் 16

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முற்பகல் தொழுகையில் இருந்தேன். வானம் இருட்டவும் தட்டி எடுக்கப் போனவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, தொட்டால் ஜில்லென்று. பக்கத்து வீட்டு சுமிரா அக்கா ஓடிவந்தாள். சுரண்டினேன். ஒரு கோடுகூட எழவில்லை. மெழுகு மாதிரி முதுகு.

"அழுத்திச் சுரண்டு புள்ள. காத்து ஆழத்துல உக்காந்திருக்கு."

அவரும் அதையேதான் சொன்னார். "இன்னும் அழுத்து, ரத்ரி அம்மா."

அழுத்தினேன். தோல் உரிந்தது, சிவக்கவில்லை. காற்று இருந்தால் சிவக்கும் — ஊரே சொல்வது அதுதானே. சிவக்கவில்லை என்றால்? யா அல்லாஹ், நான் எதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்?

"இது காத்து இல்லீங்க. எந்திரிங்க."

மழையில் நனைந்தால் செத்தே போவார் என்று அக்கா என் கையைப் பிடித்தாள். உதறினேன். தெருவில் போன மீன் வண்டியை மறித்து, அதில் அவரைப் படுக்கவைத்தேன். வழியெல்லாம் மழை. தொழுகை அங்கியைக் கழற்றி அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தேன்.

இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாம். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் யாரும் வெளியே வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

கண் திறக்கவில்லை. யாசீன் ஓதினேன். நடுவில் ஒரு வசனம் மறந்துபோனது — பார்க்காமலே ஓதுகிற எனக்கா?

அக்டோபர் 29

மழைக்காலம் நிலைத்துவிட்டது. விடாமல் ஒரே சீராகப் பெய்கிறது.

அவர் வீடு திரும்பி நாலு நாள். டாக்டர் சொன்னபடி பாதி உப்பு, தேங்காய்ப்பால் இல்லாத குழம்பு. ஒரு வாய் வைத்ததும் சோற்றைத் தள்ளிவிட்டார்.

"இதத் தின்னுட்டு ஒரு மனுசன் உயிரோட இருக்கணுமா?"

"இருக்கணும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். சோற்றை இழுத்துக்கொண்டார்.